பதினோரு பேர், ஒரு குளியலறை

போன வாரம் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். அந்தக் காலத்தில் வீட்டில் பத்துப் பேர், குளியலறை ஒன்று, ஆனால் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தோம். இந்தக் காலத்தில் மூன்று பேருக்கு நாலு குளியலறை, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை என்கிற மாதிரி. படித்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “நம்ம வீடும் இப்படித்தானே இருந்தது!” என்று ஒரு வரி சேர்த்து எங்கள் குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். தம்பி கைதட்டுகிற படம் போட்டான். பிரான்சில் இருக்கிற சித்தப்பா மகன் சிவப்பு இதயம் போட்டான். அக்கா ஒன்றும் போடவில்லை. அரை மணி நேரம் கழித்து போன் செய்தாள்.

அக்காவுக்கு எண்பது வயது. எனக்கு எழுபத்தாறு. இன்னமும் என்னைத் திட்டுகிற உரிமை உள்ள ஒரே ஆள் அவள்தான்.

“ஏண்டா தம்பி, ஒத்துமையா இருந்தோம்னு போட்டிருக்கியே, யாரைக் கேட்டு போட்ட?” என்றாள்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி நகரத்தில், வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர்கள் வாழ்ந்த பகுதியில், ஈஸ்வரன் கோயில் தெருவை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. தெருவைப் பார்த்துத் தாழ்வாரம், அதில் திண்ணை, உள்ளே போனால் நடுவில் முற்றம், சுற்றிக் கூடமும் அறைகளும், அதற்குப் பின்னால் குசினி, கடைசியில் கொல்லை. கொல்லையில் கிணறு. கிணற்றை ஒட்டி நாலு சுவர் எழுப்பி, பாதிக்குக் கூரை போட்டு, தகரக் கதவு வைத்திருந்தது. அதுதான் குளியலறை. கழிப்பறை அதிலிருந்து இருபது அடி தள்ளிக் கொல்லையின் மூலையில். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி நாங்கள் பையன்கள் அதை ‘கபினே’ என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்வோம். பெயர் மட்டும்தான் நாகரிகம். பின் சந்தைப் பார்த்து அதற்கு ஒரு சின்னத் திறப்பு இருக்கும். அது எதற்கு என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

வீட்டில் பதினோரு பேர். ஆயா, அப்பா, அம்மா, சித்தப்பா, சின்னம்மா, புருஷனை இழந்து வந்துவிட்ட அத்தை, அக்கா, நான், தம்பி, சித்தப்பாவின் பிள்ளைகள் இரண்டு பேர். அப்பா ஒரு நொத்தேரிடம் குமாஸ்தா. சித்தப்பா பஞ்சாலையில் வேலை. ஆலைச் சங்குதான் எங்கள் வீட்டுக் கடிகாரம். சித்தப்பாவுக்கு எந்த ஷிப்டோ அதை வைத்துத்தான் குளியலறையின் முறை மாறும். காலை ஷிப்டு என்றால் அவர் முதலில். பிறகு அப்பா. ஏழு மணிக்கு நாங்கள் பையன்கள் மூன்று பேர் ஒன்றாக, கிணற்றடியிலேயே. அப்பா இராட்டினத்தில் இறைத்து ஊற்றுவார். ஆளுக்கு இரண்டு வாளி; மூன்றாவது வாளி கேட்டால் “நீயே இறைச்சிக்கோ” என்பார். குடிக்கத் தெருக் குழாய்த் தண்ணீர், குளிக்கக் கிணற்றுத் தண்ணீர். மார்கழியில் மட்டும் செப்புத் தவலையில் வெந்நீர் கிடைக்கும். அதுவும் ஆயாவுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும்தான்.

இதில் நல்லது ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. தண்ணீரின் அருமை தெரிந்தது, இறைக்கிற கைக்கு வலித்தது என்பதனால். நேரம் தவறக்கூடாது என்பது புத்தகத்தில் படிக்காமலே வந்தது. பிற்பாடு முப்பத்தெட்டு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் கூடச் சிவப்பு மை படாமல் இருந்தேன் என்றால், அந்தத் தகரக் கதவுதான் காரணம். இன்னொன்றும் உண்டு. யாருக்கு உடம்பு சரியில்லை என்பது வீட்டுக்கே தெரியும். தம்பி ஒரு நாளைக்கு மூன்று தடவை கொல்லைப் பக்கம் ஓடினால், நாலாவது தடவை ஆயா ஓமத் தண்ணீரோடு நிற்பாள்.

இதையெல்லாம்தான் நான் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் ஒன்று கேட்டாள்: “அம்மா எப்போடா குளிச்சாங்க?”

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அப்பா குளித்துவிட்டுத் துண்டோடு வருவது கண்ணில் நிற்கிறது. சித்தப்பா பாடிக்கொண்டே குளிப்பது காதில் இருக்கிறது. அம்மா குளிக்கப் போனதையோ வந்ததையோ நான் பார்த்த ஞாபகமே இல்லை. நான் கண் விழிக்கும்போது அம்மா ஈரத்தலையில் துண்டு சுற்றிக் குசினியில் இருப்பாள். அவ்வளவுதான்.

அக்கா சொன்னாள். அம்மாவும் சின்னம்மாவும் நாலு மணிக்கு எழுந்து, இருட்டில் ஒருத்திக்கு ஒருத்தி காவலாக நின்று, சத்தம் வராமல் கயிறு இழுத்துத் தண்ணீர் எடுத்துக் குளிப்பார்களாம். பன்னிரண்டு வயதிலிருந்து அக்காவும் அவர்களோடு. அத்தை மட்டும் எல்லோரும் முடித்த பிறகு, பத்து மணிக்கு மேல். “நாங்க முதல்ல குளிச்சது முதல் மரியாதை இல்லடா. ஆம்பளைங்க கண்ணுல படக்கூடாதுன்னு” என்றாள்.

இன்னும் சொன்னாள். இரவில் கொல்லைக் கோடிக்குப் போக வேண்டுமென்றால் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு யாரையாவது எழுப்பிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். யாரை எழுப்புவது? நாலு மணிக்கு எழ வேண்டிய அம்மாவையா? அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாளாம். மாதத்தில் மூன்று நாள் அவள் பட்ட பாட்டையும் சொன்னாள். பதினோரு பேர் நடமாடுகிற கொல்லையில் ஒரு துணியை அலசி, யார் கண்ணிலும் படாமல் உலர்த்த இடம் தேடி அலைந்த கதையை, அறுபத்தைந்து வருஷம் கழித்து முதல்தடவையாகத் தம்பியிடம் சொல்கிறாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகும் எங்கள் பள்ளியில் பிரெஞ்சுதான். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்கிற மூன்று சொற்களையும் வாத்தியார் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். லிபெர்த்தே, எகாலித்தே, ஃப்ரதெர்னித்தே என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு வருவோம். வீட்டில் சகோதரத்துவம் தாராளமாக இருந்தது. மூன்று பையன்களும் ஒரே சோப்பில் குளித்தோம். சமத்துவம் இல்லை. அது இல்லை என்பதே எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இல்லாமல் போனது எனக்கில்லை.

அந்தப் பின் சந்துத் திறப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தினமும் காலையில் ஒரு பெண்மணி வாளியும் தகரமுமாக அந்தச் சந்து வழியாக வருவார். தகரத்தின் சத்தம் கேட்டால் நாங்கள் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுவோம். பல வருஷம் வந்தவர். அவர் பெயர் என்ன என்று அன்றைக்கு நான் கேட்டதில்லை, இன்றைக்குக் கேட்க ஆள் இல்லை. உலர் கழிப்பிடம் கட்டுவதற்கும் மலம் அள்ள ஆள் வைப்பதற்கும் தடை விதித்துச் சட்டம் வந்தது 1993ல். அதை இன்னும் கடுமையாக்கி மறுபடியும் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது 2013ல். எங்கள் வீட்டில் அதற்கு முன்பே செப்டிக் டேங்க் கட்டிவிட்டோம். ஆனால் ‘ஒரே குளியலறை, ஒரே மனசு’ என்று பழங்கதை பேசும்போது, அந்த ஏற்பாடு முழுவதையும் தலையில் சுமந்து போன அந்தப் பெண்மணியைக் கணக்கில் சேர்க்காமல் பேசுவது நியாயமாகப் படவில்லை.

சரி, அது பழைய காலம், வசதி இல்லை, யாரைக் குறை சொல்வது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லித் தப்பித்திருப்பேன். ஆனால் என் கதை அங்கே முடியவில்லை.

1984ல் லாஸ்பேட்டையில் மனை வாங்கி, அரசு ஊழியர்களுக்கான வீட்டுக்கடனில் வீடு கட்டினேன். அப்போது நான் யு.டி.சி. வரைபடம் போட்டு வந்தபோது என் மனைவி, “இன்னொரு பாத்ரூம் சின்னதா வெச்சிடலாமே” என்றாள். அவளும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. இரண்டு பேரும் எட்டரைக்குக் கிளம்ப வேண்டும், இரண்டு பிள்ளைகள் வேறு. எனக்குப் போர்ட்டிகோ வேண்டியிருந்தது. ஸ்கூட்டர் நிறுத்தத்தான். இரண்டுக்கும் பணம் இல்லை. “எங்க வீட்ல பதினோரு பேர் ஒண்ணுல சமாளிச்சோம், நாலு பேருக்கு என்ன?” என்று கேட்டேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை. போர்ட்டிகோ வந்தது. ஸ்கூட்டர் நனையாமல் நின்றது. என் மனைவி பன்னிரண்டு வருஷம் நாலரை மணிக்கு எழுந்து குளித்தாள். அவள் அதிகாலையில் எழுகிற பழக்கமுள்ளவள் என்று நண்பர்களிடம் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறேன்.

1995ல் பழைய வீட்டை விற்றுப் பாகம் பிரித்துக்கொண்டோம். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அடுத்த வருஷம் அம்மா எங்களோடு வந்துவிட்டாள். வந்த ஐந்தாறு மாதத்தில் குளிர்சுரம், முதுகுவலி, சாப்பாடு இறங்கவில்லை. மருத்துவரிடம் காட்டினோம். சிறுநீர்த் தொற்று என்றார். மருந்து எழுதிவிட்டு, “பாட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?” என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து என் மனைவி மெல்லக் கேட்டபோதுதான் சொன்னாள்: “காலையில பசங்க காலேஜுக்கும் ஸ்கூலுக்கும் போவணும், நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போவணும். நான் வேற நடுவுல போயி கதவை மூடிக்கிட்டா எல்லாருக்கும் நேரமாவாதா? தண்ணி குடிக்காம இருந்தா போவ வேண்டிய தேவையே இல்ல பாரு.”

எழுபத்துநாலு வயதில், பெற்ற பிள்ளையின் வீட்டில், யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொல்லைக் கோடியில் படித்த அதே பாடம். அக்காவுக்கும் அதே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ஜி.பி.எஃப்.பில் முன்பணம் போட்டேன். போர்ட்டிகோவுக்குப் பக்கச் சுவர் எழுப்பி, அம்மாவின் அறையிலிருந்து வழி வைத்துக் குளியலறை கட்டினேன். ஸ்கூட்டர் மழையில் நின்றது. அதற்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அம்மா அதை மூன்று வருஷம் பயன்படுத்தினாள். அவளுக்கென்றே கட்டியது, வேறு யாரும் போவதில்லை. இருந்தும் ஒவ்வொரு தடவையும் கதவருகில் நின்று, “யாருக்காவது போவணுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். கடைசிவரை அந்தக் கேள்வியை அவளால் விட முடியவில்லை.

அதனால் என் கருத்தை இப்போது வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒரே குளியலறை இருந்ததால் நாங்கள் ஒற்றுமையாக இருக்கவில்லை. சிலர் அடக்கிக்கொண்டார்கள், அதனால் சண்டை வரவில்லை. அடக்கிக்கொண்டவர்கள் வாயைத் திறக்காததால் நாம் அதற்கு ஒற்றுமை என்று பெயர் வைத்தோம். நாலு குளியலறை கட்டினால் மனசு பிரிந்துவிடும் என்பதும் பொய். என் மகன் வீட்டில் மூன்று இருக்கிறது. ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். மருமகள் ஆறு மணிக்கு எழுந்திருக்கிறாள். அதைப் பார்த்து முகம் சுளிக்கிற என் வயதுக்காரர்கள், உங்கள் அம்மா நாலு மணிக்கு எழுந்தது பக்தியாலா, வரிசையாலா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

எல்லோராலும் இரண்டாவது குளியலறை கட்ட முடியாது. எனக்கும் தெரியும். இரண்டு அறை வாடகை வீட்டில் மகன் குடும்பத்தோடு இருக்கிற நண்பர்கள் இதைப் படிக்கிறீர்கள். அறை ஒன்றாகவே இருக்கட்டும். முறையை வாய்விட்டுப் பேசி வையுங்கள். வயதானவர், சர்க்கரைக்காரர், கர்ப்பிணி, மாதவிலக்கில் இருக்கும் பெண் ஆகியோருக்கு வரிசையே கிடையாது, எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம் என்று வீட்டுத் தலைவர் என்று யார் இருக்கிறாரோ அவர் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் தட்டமாட்டார்கள், தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். நாம் பெரியவர்களும் அதைச் செய்யக்கூடாது. தண்ணீரைக் குறைத்தால் தொற்று வரும், மலச்சிக்கல் வரும், தலை சுற்றும். அந்தச் செலவும் அலைச்சலும் பிள்ளைகளுக்குத்தான்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு, நான் தாமதமாகக் கற்ற சில விஷயங்கள். ஒன்றாவது தரைத்தளத்தில், வயதானவர் படுக்கும் அறையை ஒட்டி இருக்க வேண்டும். கதவு மூன்று அடி அகலம் இருக்கட்டும், சக்கர நாற்காலி போகும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் தள்ளித் திறக்க முடியாது. வெளியிலிருந்தும் நீக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள். வாசற்படி வேண்டாம். வழுக்காத தரை ஓடு, நாற்காலி உயரத்துக்குக் கழிப்பிட இருக்கை, பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. இரவு முழுவதும் எரிகிற சின்ன விளக்கு ஒன்று; யாரையும் எழுப்பாமல் எழுந்து போவதற்கு. இதில் ஒன்றுகூட ஆடம்பரம் இல்லை. போர்ட்டிகோதான் ஆடம்பரம்.

குடும்பக் குழுவில் நான் போட்ட செய்தியை நீக்கிவிட்டேன். ஏன் என்று தம்பி கேட்டான். “அம்மா எத்தனை மணிக்குக் குளிச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவனுக்கும் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், வீட்டில் அக்காவோ அத்தையோ இன்னும் இருந்தால், இன்றைக்கே கேளுங்கள். என் அக்கா சொல்வதற்கு அறுபத்தைந்து வருஷம் ஆனதற்குக் காரணம், அதுவரை யாரும் அவளைக் கேட்கவில்லை.